காரைக்காலில் அம்மா பார்த்த ஓவியங்கள்

நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள். சின்ன வயதில் கடலுக்குப் போன கதையை ஆளுக்கொன்று எழுதுங்கடி என்றாள். உடனே எல்லாரும் கிளிஞ்சல் பொறுக்கியதையும், பட்டாணி சுண்டல் தின்றதையும், அலை இழுத்துப் போன பாவாடையையும் எழுதித் தள்ளிவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். சந்தோஷம். நான் மட்டும் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கியதற்கு, "இவளுக்கு எப்பவும் உம்முனுதான் மூஞ்சி" என்று ஒருத்தி எழுதினாளே, அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபதைத் தாண்டிவிட்டோம், இனிமேல் நமக்குள் என்ன ஒளிவுமறைவு? எங்கள் வீட்டில் குடும்பமாகக் கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவை. அந்தக் கோடையோடு என் அம்மாவுக்குக் கண் போய்விட்டது.

அம்மாவை உங்களுக்குத் தெரியும். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாரென்று சொல்லிவிடுவாள். அது பிற்பாடு வந்த அம்மா. அதற்கு முன்னால் இருந்த அம்மாவை உங்களில் யாரும் பார்த்ததில்லை. அவள் நடையில் ஒரு வேகம் இருக்கும். உலக்கையைப் பிடித்தால் தெருவே அதிரும். களத்து நெல்லைத் தூற்றும்போது தூரத்தில் நின்றே "அந்த மூலையில கருக்காய் கெடக்கு பாரு" என்று கத்துவாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு தலைவலி வர ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் வரும். நெற்றியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வாள். வாந்தி எடுப்பாள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான், பித்தம். யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தார்கள். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டார்கள். கடைசியில் திருவையாற்று வைத்தியர், "கடல் தண்ணியில நாலு நாள் தலைமுழுகச் சொல்லுங்க, பித்தம் எறங்கிடும்" என்று சொல்லிவிட்டார்.

என் அப்பா தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டர். கொஞ்சம் நிலமும் இருந்தது. ஆனால் அவருக்கு வரப்பில் கால் வைப்பதைவிட வர்ணப் பெட்டியைத் திறப்பதுதான் உயிர். வைத்தியர் கடல் என்று சொன்ன அதே வாரம், காரைக்காலில் பிரெஞ்சு ஓவியங்களின் கண்காட்சி நடக்கப் போகிறது என்று அவருக்குச் சேதி வந்தது. அசல் ஓவியங்கள் இல்லை, பிரான்சிலிருந்து வந்த பெரிய பெரிய அச்சுப் பிரதிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் தீற்றலாக இருக்கும், தள்ளி நின்றால் உருவம் வரும், அந்த வகை ஓவியங்கள். இம்ப்ரஷனிஸ்ட் என்று அப்பா சொல்வார். பாதிப் படங்கள் காரைக்காலில், மீதிப் பாதி அடுத்த வாரம் தரங்கம்பாடியில். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டிக்கு வைத்தியம் ஆச்சு, தனக்கும் தரிசனம் ஆச்சு என்று கிளம்பிவிட்டார்.

அப்பா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அம்மாவிடம் அவர் பேசியதெல்லாம் சாப்பாடு போடு, தண்ணி கொண்டா என்பதோடு சரி. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். யாராவது வந்து பேசிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், "உனக்கென்ன தெரியும், உள்ள போ" என்பார். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரிச் சொல்வார். அம்மாவும் உள்ளே போய்விடுவாள்.

அப்பா, அம்மா, அண்ணன், நான், கூத்தாநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி. இத்தனை பேரும் பாய், சட்டி, அரிசி மூட்டை சகிதம் நாகூர் வரை ரயில், அப்புறம் பஸ். சித்தி அம்மாவின் தங்கை. சமைக்கத் துணையாக வந்தாள். வாயாடி. அப்பாவையே "அத்தான், நீங்க கடலுக்கு வர்றீங்களா, இல்ல கடல் உங்களைப் பாக்க வருதா?" என்று சீண்டுவாள்.

எங்களுக்குக் கிடைத்த வீடு மீனவர் குப்பத்துக்குச் சற்றுத் தள்ளி, உப்புக்காற்றில் காரை பெயர்ந்த ஒரு பழைய வீடு. கையை வைத்தால் சுவர் மாவாக உதிரும். எந்நேரமும் கருவாட்டு வாசனை. சோற்றில் மணல், பாயில் மணல், காதுக்குள் மணல். அண்ணனுக்கு அது சொர்க்கம். எனக்குப் போன முதல் நாளே புது ரப்பர் செருப்பில் ஒன்று கடலோடு போய்விட்டது. மற்றொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். ஒற்றைச் செருப்பை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டு ஜன்னலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

காலையில் அம்மா கடலில் முழுகுவாள். சித்தி கையைப் பிடித்துக்கொள்வாள். முழுகி எழுந்ததும், "தேவலை போலிருக்குடி" என்பாள். சாயங்காலம் மறுபடியும் தலைவலி வரும். உப்புத் தண்ணியில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கண்காட்சி நடந்தது பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டிடம் ஒன்றில். உயரமான கதவுகள், உள்ளே அரை இருட்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற காரைக்கால்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மீசை. அவரை நாங்கள் பட்டாளத்துத் தாத்தா என்று கூப்பிட்டோம்.

முதல் படத்தைப் பார்த்ததும் அண்ணன் சிரித்துவிட்டான். வைக்கோல் போர். வெறும் வைக்கோல் போர்! அதையே காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பனியில் ஒன்று என்று வரைந்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்றிருந்த மிராசுதார் ஒருவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "போர் இப்படியா போடுறது? முகட்டைச் சரியா கட்டல. ஒரு மழை பேஞ்சா அம்புட்டும் அழுகிப் போயிடும்" என்றார். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பாவுக்கு முகம் கடுத்துவிட்டது. இந்த ஜனங்களிடம் போய் என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது.

அம்மா வழக்கம்போல எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். மாலை நேரத்துத் துறைமுகம். மூட்டமான வானம், கரையோரம் விளக்குகள், தண்ணீரில் வெளிச்சம் கலைந்து கலைந்து கிடந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானே சொல்வது போல, "ஆமா, இப்படித்தான்" என்றாள்.

அப்பா திரும்பினார். "என்ன இப்படித்தான்?"

"வெளக்கைச் சுத்தி வட்டம் போட்டிருக்காரே. சாயங்காலமானா அப்படித்தானேங்க தெரியும்? வானவில் மாதிரி, உள்ள நீலமா, வெளிய செவப்பா. மரம், வீடு எல்லாம் ஓரம் இல்லாம கரைஞ்சு போயி... இவரும் நான் பாக்குற மாதிரியேதான் பாத்திருக்காரு."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பிறகு சத்தமாக, "ஐயா, இங்க வாங்க! என் வீட்டுக்காரி சொல்றதைக் கேளுங்க!" என்று பட்டாளத்துத் தாத்தாவைக் கூப்பிட்டார். அம்மாவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சொன்னாள். தாத்தா தொப்பியைக் கழற்றினார். "நான் இதைப் புரிஞ்சுக்க பிரான்சு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. அம்மா வீட்டுல இருந்துக்கிட்டே பாத்திருக்காங்க" என்று சொல்லி, அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போடச் சொன்னார். நாலு பேர் நிற்கும் இடத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டிலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான். அப்பா எப்போதும் முன்னால் நடப்பார், அம்மா பத்தடி பின்னால் வருவாள். காரைக்கால் மணலில் அவர் நின்று நின்று அவளோடு சேர்ந்து நடந்தார். சாயங்காலம் படகுகள் வந்து சேரும் நேரத்தில் கரையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, "இப்ப அந்த அலை ஒனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்பார். "அலைன்னு தனியா இல்லீங்க, புகை மாதிரி இருக்கு" என்பாள். அவர் அப்படியே வர்ணத்தைக் கரைத்து வரைவார். "படகு?" "படகு எங்க இருக்கு? ஆ, அதுவா? கருப்பா ஒரு கறை மாதிரி." அப்பா ஆஹா ஆஹா என்பார். அம்மா சிரிப்பாள். தலையில் பூ வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அவள் கண் போய்க்கொண்டிருந்ததை அப்பா வர்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து நுங்கு தின்றோம்.

சித்திக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. ரசத்தை அம்மா தட்டுக்கு வெளியே ஊற்றினாள். படியில் இறங்கும்போது காலால் தடவினாள். ஒரு மத்தியானம் கொல்லைக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சித்தி சோப்பைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, இங்க பாரு. இடது கண்ணைக் கையால மூடிக்க" என்றாள்.

"எதுக்குடி?"

"மூடுன்னா மூடு. நான் எத்தனை விரல் காட்டுறேன் சொல்லு."

அம்மா சிரித்துக்கொண்டே மூடினாள். பதில் வரவில்லை. சித்தி கையை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினாள். அப்போதும் வரவில்லை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"அடிப்பாவி, இந்தக் கண்ணு சுத்தமாத் தெரியலையே ஒனக்கு! எங்க மாமியாருக்கும் இப்படித்தான். வெளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது, வட்டம் தெரியுதுன்னாங்க. தலைவலி, வாந்தி. பித்தம்னுதான் நாங்களும் சும்மா இருந்தோம். கடைசியில ரெண்டு கண்ணும் போயிருச்சு. பித்தமும் இல்ல, கித்தமும் இல்ல. நாகப்பட்டினத்துல கண் டாக்டர் இருக்காரு. நாளைக்கே போறோம்."

"நாளைக்கா? நாளைக்குத் தரங்கம்பாடி போறோமே."

"தரங்கம்பாடி கெடக்கு! ஒனக்கு ஒரு கண்ணு மிச்சம் இருக்கு அக்கா. அதையாவது காப்பாத்திக்க."

அம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறினாள். பிறகு, "சரி வர்றேன். அவர்கிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்" என்றாள். சித்தி அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

அம்மா சொல்லவில்லை. ராத்திரியும் சொல்லவில்லை, காலையில் இட்லி வைக்கும்போதும் சொல்லவில்லை. எல்லாருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். வடக்கே போகிற தரங்கம்பாடி பஸ்ஸும் தெற்கே போகிற நாகப்பட்டினம் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அப்பா அண்ணனோடு முன்னாலேயே ஏறிவிட்டார். சித்தி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். "அத்தான், அக்கா வரல. நாங்க நாகப்பட்டினம் போறோம். அவளுக்குக் கண்ணு..."

"என்ன கண்ணு?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். "நேத்தே பட்டாளத்து ஐயா சேதி அனுப்பிட்டாரு. தரங்கம்பாடியில படிச்சவங்க எல்லாம் வர்றாங்களாம். உங்க அக்கா பேசுறதைக் கேக்கணும்னு காத்திருக்காங்க. அவ இல்லாம நான் போயி என்ன பண்றது?"

அம்மா அண்ணாந்து அவரைப் பார்த்தாள். எந்த அளவுக்குத் தெரிந்ததோ. பிறகு சித்தியின் பிடியை ஒவ்வொரு விரலாக விலக்கினாள். "இவளுக்கு என்னங்க, எதையாவது சொல்லுவா. பித்தம்தான். இப்பத் தேவலை" என்று சொல்லிவிட்டு, கம்பியைத் தடவிப் பிடித்துத் தரங்கம்பாடி பஸ்ஸில் ஏறினாள். என்னையும் இழுத்துக்கொண்டாள்.

சித்தி கீழேயே நின்றாள். பஸ் கிளம்பும்போது, "நாசமாப் போ!" என்று கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள். அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு கூத்தாநல்லூர் போய்விட்டாள். அக்கா தங்கை பேசிக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று.

தரங்கம்பாடியில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் படங்களை மாட்டியிருந்தார்கள். வெயிலுக்குக் கதவுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அப்பா அம்மாவின் தோளைத் தொட்டு ஒரு பெரிய படத்துக்கு எதிரே நிறுத்தினார். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் மரத்தடியில் ஆடுகிற படம். நீலமும் வெள்ளையுமாக உடுப்புகள், இலை வழியாக விழுகிற வெயில். எனக்கு ஒவ்வொரு முகமும் தெரிந்தது. "சொல்லு, என்ன தோணுது?" என்றார் அப்பா. சுற்றிலும் கண்ணாடி போட்டவர்கள், வேட்டியை மடித்துக் கட்டாதவர்கள், எல்லாரும் காத்திருந்தார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாத்து நட்ட வயல்ல பனி எறங்கியிருக்கு. விடியப்போகுது. ஆளு அரவமே இல்ல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அது ஆளுங்கம்மா! டான்ஸ் ஆடுறாங்க!" என்றேன்.

அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "உனக்கென்ன தெரியும்" என்றார். பட்டாளத்துத் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "அப்படியும் பாக்கலாம். அதான் உள்கண்ணு" என்றார். யாரோ கைகூடத் தட்டினார்கள். அம்மா திரும்பி என் குரல் வந்த பக்கம் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வலி வந்துவிட்டது. அது மாதிரி வலியை நான் பார்த்ததில்லை. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். அப்பா ஓடி இறங்கி எலுமிச்சம்பழம் வாங்கிவந்து தேய்த்தார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே!

ஊருக்கு வந்து சேர்ந்தோம். அப்பா வரைந்த கடலைப் பள்ளிக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள், பின்னால் வெள்ளையடித்தபோது அது எங்கேயோ போய்விட்டது. மேட்டூர் திறந்து காவிரியில் புதுத் தண்ணி வந்த அன்றைக்கு ஊரே கரையில் கூடி நின்றது. நுரையும் சருகுமாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் உருண்டு வந்துகொண்டிருந்தது. அம்மா கரையில் நின்றுகொண்டு, "தண்ணி வந்திருச்சா? சத்தம் கேக்குதே" என்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தஞ்சாவூரில் டாக்டர் நிறைய நேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போய்விட்டது, போனது போனதுதான் என்றார். ஆபரேஷன், கண்ணாடி, மெட்ராஸ் என்று அப்பா என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுதுன்னு இவங்க எப்பவாச்சும் சொன்னாங்களா?" என்று டாக்டர் கேட்டார். அப்பா அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது அம்மாவிடம் மெதுவாக, "அப்ப... அந்தப் படமெல்லாம்?" என்றார்.

"படம் நல்லாத் தெரிஞ்சுதுங்க. அதுக்கப்புறம்தான் கண்ணு போச்சு" என்றாள் அம்மா. பட்டென்று சொன்னாள், யோசிக்கவே இல்லை.

அப்பா அதை நம்பினாரா, நம்பிக்கொள்ள வேண்டும் என்று நம்பினாரா, எனக்குத் தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மாவின் ரசனையைப் பற்றிக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் கடைசிவரை திருத்தவில்லை.

அப்பா போன பிறகு ஒருநாள் அம்மாவும் நானும் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் விரலால் தடவியே என்னைவிடச் சுத்தமாக ஆய்வாள். எனக்கு அப்போதே தலை நரைத்துவிட்டது. அன்றைக்கு என்னவோ அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, சித்தி அவ்வளவு சொல்லியும் நீ ஏன் அந்தப் பஸ்ஸுல ஏறினே? ஒனக்கே தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்குமேம்மா!" என்று கத்திவிட்டேன். அப்பா மேல் கோபமா, இவள் மேல் கோபமா என்றே புரியவில்லை.

அம்மா ஆய்வதை நிறுத்தவில்லை. "ஜனங்க முண்டியடிச்சு ஏறுனாங்கடி. உங்கப்பா தோள்ல கெடந்த துண்டைப் போட்டு எனக்கு எடம் புடிச்சு வெச்சிருந்தாரு. யாரோ வந்து உக்காரப் போனாங்க. 'எம் பொண்டாட்டி வர்றா'ன்னு சத்தம் போட்டாரு. கீழ நின்ன எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

கொஞ்சம் இலையை உருவிப் போட்டாள்.

"அதுவும் ஜன்னலோரம்" என்றாள்.